வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து

பள்ளி திறந்ததிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு தாள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. சிலருக்கு அது பிள்ளையின் டைரிக்குள் நாலாக மடித்து வந்திருக்கிறது. சிலருக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவமாக. வகுப்பறையில் பயன்படுத்தும் செயலிக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும் என்பது சாரம். அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று தாளில் எங்கும் இல்லை. அந்த இடத்தை அவரவர் பயத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் ஆதார் விவரம் வெளியே போய்விடுமா என்கிறார் ஒரு தந்தை. போடாவிட்டால் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வராதாமே என்கிறார் ஒரு தாய். பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ஒரு தலைமையாசிரியையே எழுதிக் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை. அது பள்ளி வைத்த கெடு. சட்டம் வைத்த கெடு வேறு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் இரண்டு ஆண்டுக்கு மேல் இழுபட்டு, 2025 நவம்பரில், சரியாகக் குழந்தைகள் தினத்தை ஒட்டி அரசிதழில் வெளியாயின. புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பது போன்ற சில விதிகள் உடனே அமலுக்கு வந்தன. பிள்ளைகளின் விவரங்களைத் தொடும் விதிகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. கணக்குப் போட்டால் 2027 மே மத்தியில் வந்து நிற்கிறது. அந்தத் தேதியை மனதில் வைத்துத்தான் செயலி நிறுவனங்கள் பள்ளிகளை முடுக்க, பள்ளிகள் பெற்றோரை முடுக்குகின்றன என்று தோன்றுகிறது.

சம்மதம் தேவைப்படாத இடத்தில் ஏன் சம்மதம் கேட்கிறார்கள்?

சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படித்தால் எந்தப் பெற்றோருக்கும் நெஞ்சு நிமிரும். 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். ஒரு குழந்தையின் விவரத்தைத் தொடுவதற்கு முன்னால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதுவும் சரிபார்க்கத்தக்க சம்மதம். பிள்ளையைப் பின்தொடரக் கூடாது, நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். மேடைப் பேச்சுகள் வழக்கமாக இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

நாம் இன்னும் நாலு வரி கீழே போவோம். அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, அரசு குறிப்பிடும் சில வகையினருக்குச் சம்மத நிபந்தனையும் கண்காணிப்புத் தடையும் பொருந்தா என்கிறது. யார் அந்தச் சில வகையினர்? அதற்கு விதிகளின் பின்பக்கத்துக்குப் போக வேண்டும். நான்காம் அட்டவணை. மருத்துவமனை, குழந்தைக் காப்பகம், பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வாகனம் என்று போகும் பட்டியலில் கல்வி நிறுவனமும் இருக்கிறது. தன் கல்விச் செயல்பாடுகளுக்காகவோ, தன்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ ஒரு பள்ளி அவர்களைப் பின்தொடரலாம், நடத்தையைக் கண்காணிக்கலாம். அந்த அளவுக்கு நம்மிடம் கேட்க வேண்டியதில்லை.

விலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருகைப் பதிவேடும் ஒரு கண்காணிப்புதான். யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று ஆசிரியர் குறித்துவைப்பதும் நடத்தையைக் கண்காணிப்பதுதான். அதற்கெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தால் பாடம் நடக்காது. இடிப்பது ‘கல்விச் செயல்பாடுகள்’ என்ற சொல். அதற்கு விதிகளில் வரையறை கிடையாது. ஒரு கணக்கைப் போட மாணவி எத்தனை விநாடி எடுத்தாள் என்று செயலி எண்ணுவது கல்விச் செயல்பாடா? சரி என்றே வைத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்கு அவள் வீட்டிலிருந்து உள்நுழைந்ததைக் குறித்துக்கொள்வது? வகுப்பறைக் கேமரா அவள் முகத்தைப் பார்த்துக் கவனம் சிதறுகிறது என்று மதிப்பெண் போடுவது? எது கல்வி, எது வேவு என்று கோடு போடும் வேலையைச் சட்டம் பள்ளியிடமே விட்டிருக்கிறது. செயலியைக் காசு கொடுத்து வாங்குவதும் அதே பள்ளிதான்.

இங்கேதான் நம் கையில் இருக்கும் தாள் சுவாரசியமாகிறது. கேட்கத் தேவையில்லாத இடத்தில் பள்ளி ஏன் கேட்கிறது? வழக்கறிஞர் சொன்ன முன்ஜாக்கிரதையாக இருக்கலாம், அப்படியானால் பாதகமில்லை. அல்லது தாளில் எங்கோ கல்வியைத் தாண்டிய ஒன்று இருக்கிறது, அதற்கு விலக்கு செல்லாது, ஆகவே கையெழுத்து வேண்டும். ‘எங்கள் சேவையை மேம்படுத்த’, ‘கூட்டாளி நிறுவனங்களுடன் பகிர’, ‘விளம்பரப் பணிகளுக்குப் புகைப்படம்’ போன்ற வரிகள் கண்ணில் பட்டால் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். கையெழுத்து கேட்பது அனேகமாக அந்த வரிகளுக்காகத்தான். மற்றதெல்லாம் பந்தியில் இலை ஓரத்துக் கறிவேப்பிலை.

ஒரே செயலி, இரண்டு வேடம்

விலக்கு பள்ளிக்குத்தானே, செயலி நடத்தும் நிறுவனத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கெட்டிக்காரக் கேள்வி.

சட்டம் இரண்டு பேரைப் பிரிக்கிறது. எந்த விவரத்தை எதற்காக, எப்படி எடுப்பது என்று தீர்மானிப்பவர் ஒருவர், அவர்தான் பொறுப்பாளி. அவர் சொன்னபடி வேலையைச் செய்து கொடுப்பவர் இன்னொருவர். கல்யாண வீட்டையும் சமையல்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த மளிகையில், அவர் சொன்ன பலகாரத்தைச் செய்து பரிமாறினால், உப்பு கூடினாலும் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். மிஞ்சிய நெய் டின்னைச் சமையல்காரர் தன் கடைக்கு எடுத்துப்போய் விற்றால் அவர் தனி வியாபாரி ஆகிவிடுகிறார்.

செயலி நிறுவனமும் அப்படித்தான். பள்ளி சொன்ன வேலையை மட்டும் செய்தால் அது பள்ளியின் நிழலில், பள்ளியின் விலக்குக்குள் நிற்கிறது. அதே விவரங்களை வைத்துத் தன் மென்பொருளைப் பழக்குகிறது, நுழைவுத் தேர்வுப் பயிற்சி விற்கப் பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கிறது என்றால் அது தனிப் பொறுப்பாளி. அந்த வேலைக்குப் பள்ளியின் விலக்கைக் காட்ட முடியாது; நம் சம்மதம் வேண்டும். வேடம் மாறும் அந்த நொடியை வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை. திரையில் அதே சின்னம், அதே நிறம், அதே உள்நுழைவு.

தெரிந்துகொள்ள ஒரே இடம் பள்ளிக்கும் நிறுவனத்துக்கும் நடுவிலான ஒப்பந்தம். சட்டத்தின் 8ஆம் பிரிவு, செல்லத்தக்க ஒப்பந்தம் இல்லாமல் இந்த மாதிரி வேலையை வெளியே கொடுக்கக் கூடாது என்கிறது. நிறுவனம் தவறு செய்தாலும் பள்ளிதான் பொறுப்பு என்றும் சொல்கிறது. ஆகவே கையெழுத்து போடலாமா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். விவரம் எந்த வேலைக்கெல்லாம் போகிறது, பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு அழிக்கப்படுமா, நிறுவனம் கைமாறினால் யாரிடம் போகும் என்ற மூன்று விஷயங்களுக்கு அதில் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்’ என்ற வாக்கியத்துக்கு, ‘விரைவில் சாலை போடப்படும்’ என்பதற்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான்.

சம்மதம் கொடுப்பது உண்மையில் யார்?

சரிபார்க்கத்தக்க சம்மதம் என்றதும், பெற்றோர்தானா என்று சரிபார்ப்பார்கள் என நினைப்போம். விதி கேட்பது அதைவிடக் குறைவு: பெற்றோர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் வயதுவந்தவர், அடையாளம் காணத்தக்கவர் என்பது உறுதியானால் போதும். அதற்கு ஏற்கெனவே கையில் இருக்கும் விவரம் அல்லது அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக வரும் அத்தாட்சி. இவர் அந்தப் பிள்ளையின் பெற்றோர்தானா என்பதை நிரூபிக்கும் படி அதில் இல்லை.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை. அப்பா துபாயில், பள்ளியில் கொடுத்த எண் அவருடையது. அம்மாவின் டிஜிலாக்கரைத் திறந்து கொடுத்ததே எட்டாம் வகுப்பு மகள். பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு ஓடிபி சித்தப்பாவின் போனுக்குப் போகிறது. யாரைக் கண்காணிப்பதற்குச் சம்மதம் கேட்கிறார்களோ அந்தப் பிள்ளையே அம்மா பெயரில் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களிடம் கேட்டார்களா?

அவர்களிடமும் கேட்க வேண்டியதில்லை. 7ஆம் பிரிவின்படி வேலை சார்ந்த காரணங்களுக்காகப் பணியாளரின் விவரத்தை முதலாளி சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம். ஆசிரியை எத்தனை மணிக்கு எந்த வீடியோவை ஓட்டினார், எத்தனை வினாடி வினா நடத்தினார் என்பதெல்லாம் செயலியில் பதிவாகும். ஆக, வகுப்பறைக்குள் இருக்கும் இரு தரப்புக்கும் இதில் வாய் கிடையாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றி ஏற்றியே பாட நேரம் கரைகிறது என்று அவர்களுடைய சங்கங்கள் பல ஆண்டாகச் சொல்லிவருகின்றன. விவரம் எடுப்பவர்கள் என்று பெற்றோர் ஆசிரியரைச் சந்தேகிக்கிறார்கள். ஆசிரியரோ தானும் எடுக்கப்படும் விவரம்தான் என்று நினைக்கிறார். ஒரு மேசையில் உட்கார்ந்தால் இருவர் குறையும் ஒன்றுதான் என்று தெரிந்துவிடும்.

அந்த மேசை சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அதன் வேலை. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 2022இல் புத்துயிர் பெற்று, 2024இல் மறுபடி அமைக்கப்பட்டன. அதே 2024இல் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி என்று அரசு கணக்குச் சொன்னது. பெரிய எண்கள்தாம், பெருமைக்குரியவையும்கூட. ஆனால் எந்தத் திரை, எந்த மென்பொருள் என்பது சென்னையில் முடிவாகிறது. கூரை ஒழுகினால் தீர்மானம் போடும் குழு, திரைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று கேட்கக் கூடாது என எந்த விதியும் இல்லை. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவரோடு ‘செயலி ஒப்பந்தத்தின் நகல்’ என்று இன்னொரு வரியைத் தீர்மானத்தில் சேர்த்தால் போதும். அந்தத் தீர்மானத்தை ஏற்றுவதற்கும் ஒரு செயலி இருக்கிறது என்பது வேறு கதை.

உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கு 21ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகம்தான் கதி. அது ஆண்டு விழாவுக்குச் சாமியானா ஏற்பாடு செய்வதோடு நின்றுவிடுகிறதா, வாயைத் திறக்கிறதா என்பது பெற்றோர் கையில்.

மற்றக் கேள்விகள்

அரசின் செயலி என்றால் பயமில்லைதானே? மத்திய அரசின் தீக்‌ஷா தளத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும் லட்சக்கணக்கான மாணவர்களின் விவரங்களும் பூட்டாத சேமிப்பகத்தில் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் அம்பலமானது.

அபார் என்ற மாணவர் அடையாள எண்ணுக்கும் இந்தத் தாளுக்கும் தொடர்பு உண்டா? இல்லை, அந்த 12 இலக்க எண்ணுக்குத் தனிச் சம்மதப் படிவம் உண்டு. அது விருப்பம்தான் என்கிறது மத்திய கல்வி அமைச்சகம், ஆனால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று மேலிருந்து கேட்டால் கீழே இருப்பவருக்கு அது கட்டாயம்தான்.

ஹால் டிக்கெட் நிற்குமா? செயலிச் சம்மதத்துக்கும் தேர்வுக்கும் சட்டத்தில் எந்த முடிச்சும் இல்லை.

தாள் ஆங்கிலத்தில் இருக்கிறதே? தமிழில் கேளுங்கள், அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி எதிலும் கேட்டுப் பெறச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

செயலி என் போனில் உள்ள தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது? மறுத்துவிடுங்கள், வேலைக்குத் தேவையில்லாததைக் கேட்டு வாங்கிய சம்மதம் செல்லாது என்பதற்குச் சட்டம் தானே காட்டும் உதாரணம் இந்தத் தொடர்புப் பட்டியல்தான்.

போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறலாமா? பெறலாம், கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக.

புகார் யாரிடம்? முதலில் பள்ளியிடம், பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம். பொய்ப் புகார் என்று தீர்ந்தால் நமக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பிள்ளையைக் கேட்க வேண்டாமா? வயது 17 ஆண்டு 11 மாதம் ஆனாலும், அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.