பறவை பார்க்கப் போனா யாரையெல்லாம் பார்ப்போம்?

போன பொங்கலுக்கு கண்ணமங்கலம் போயிருந்தேன். வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையடிவாரத்துல இருக்கிற ஊர். 2015-ல இருந்து வருஷா வருஷம் தமிழ்நாட்டுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. குறைஞ்சது 15 நிமிஷம் பறவைகளை எண்ணி, இ-பேர்ட்ல ஏத்தணும். யார் வேணும்னாலும் செய்யலாம்.

நாங்க எட்டு பேர். எந்தக் குழுவுலயும் இந்த ஆட்கள் இருப்பாங்க. ஒருத்தர் கேமராக்காரர். போட்டோ எடுக்காத பறவை அவருக்குப் பறவையே இல்ல. இன்னொருத்தர் காதாலேயே பார்க்கிறவர். எங்க குழுவுல அது ரிட்டயர்டு டீச்சரம்மா. மூணாவது பட்டியல்காரர். எண்ணிக்கை ஏறிட்டே இருக்கணும். அது நான்தான்.

ஏரிக்கரை புளியமரத்துல சாம்பல் நிறத்துல ஒண்ணு உட்கார்ந்திருந்தது. வால்ல பட்டை பட்டையா கோடு. "வல்லூறு!"ன்னு சொல்லி, உடனே டைப் பண்ணிட்டேன்.

டீச்சரம்மா மெதுவா கேட்டாங்க: "மூக்கைப் பார்த்தியாப்பா?"

பார்க்கல. கேமராக்காரர் போட்டோவைப் பெரிசாக்கினார். வல்லூறுக்கு மூக்கு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். இதுக்கு அப்படி இல்ல. கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையம் வேற. அது அக்கா குயில்.

பக்கத்துல ஆடு மேய்ச்சிட்டிருந்த பெரியவர் சிரிச்சார். "காலையில தவுட்டுக்குருவிங்களும் அத்தப் பார்த்துதான் கத்திக்கினு இருந்துச்சுங்க தம்பி." அவர் சொன்னது ரொம்ப முக்கியம். அக்கா குயில் பார்க்க வல்லூறு மாதிரியே இருக்கும், சின்னப் பறவைகளே ஏமாந்துடும். அது முட்டையிடுறதும் அந்தத் தவிட்டுக்குருவி கூட்டுலதான்.

ஒரு தப்பு என்ட்ரி, அதனால என்னன்னு தோணலாம். 2023-ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நம்மள மாதிரி சுமார் 30,000 பேர் இ-பேர்ட்ல ஏத்தின 3 கோடி பதிவுகளை வெச்சுதான் எந்தப் பறவை குறையுதுன்னு சொன்னது. ஆபீஸ்ல ரிவ்யூ இல்லாம கோட் உள்ள போக விடமாட்டேன். இங்க நானே விட இருந்தேன்.

அழிச்சுட்டு திருத்தினேன். அடுத்து புதர்ல ஒரு சின்னக் கதிர்க்குருவி. எல்லாரும் டீச்சரம்மாவைப் பார்த்தோம். "இது எனக்குத் தெரியல, விட்டுடுவோம்"னாங்க. முப்பது வருஷமா பறவை பார்க்கிறவங்க.

உங்க குழுவுலயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. அடுத்த தடவை அவங்க பக்கத்துல நடங்க.