முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டுமா?

வரன் பார்க்கப் போட்டோ எடுக்கும் நேரத்தில்தான் பலருக்கும் அந்தக் கவலை பிடித்துக்கொள்கிறது. ஒரு கண் சின்னதாகத் தெரிகிறதே, மூக்கு சாய்ந்திருக்கிறதே, சிரித்தால் வாய் ஒருபக்கம் இழுக்கிறதே என்று மனம் அலைபாயும். ஈரோட்டிலும் கோவையிலும் இதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் கிளினிக்குகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சிகிச்சை தேவையில்லை. ஒரு சிலருக்கோ அதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த இரண்டு தரப்பையும் பிரித்துப் பார்க்காததால்தான் தேவையில்லாதவர் பணத்தைக் கொட்டுகிறார், தேவைப்படுபவர் வீட்டிலேயே முடங்குகிறார்.

இடமும் வலமும் அச்சு அசலாக ஒத்துப்போகும் முகம் யாருக்கும் இல்லை. எலும்பு, தசை, பல் அமைப்பு எல்லாவற்றிலும் சிறு வேறுபாடு இருக்கும். தாடை நடுக்கோட்டிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் விலகியிருந்தால்கூடப் பொதுவாகப் பிறர் கவனிப்பதில்லை. நமக்கு மட்டும் அது உறுத்துவதற்குக் காரணம் உண்டு. தினமும் கண்ணாடியில் பார்ப்பது இடவலம் மாறிய முகம். போட்டோவில் இருப்பது ஊர் பார்க்கும் முகம். 1977-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், தங்கள் முகம் என்றபோது கண்ணாடியில் தெரியும் வடிவத்தையே பெரும்பாலோர் விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளுக்கோ நேர் வடிவமே பிடித்திருந்தது. பழக்கம்தான் வேறு, முகத்தில் குறையில்லை. செல்ஃபி இன்னொரு குழப்பம். ஓரடி தூரத்தில் எடுக்கும் படம், ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கைச் சுமார் 30 சதவீதம் அகலமாகக் காட்டுகிறது என்று 2018-ல் மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்தப் படத்தை நம்பி மூக்கைத் திருத்தப் போவது சரியில்லை.

“சீரான முகத்தைத்தானே எல்லோருக்கும் பிடிக்கிறது, நல்ல இடத்தில் சம்பந்தம் அமைய வேண்டாமா?” என்று கேட்பார்கள். சமச்சீரான முகங்களுக்கு ஓரளவு கூடுதல் ஈர்ப்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அழகைத் தீர்மானிப்பவற்றில் அது ஒன்று மட்டுமே. முகத்தைச் சீராக்கப் போடும் ஃபில்லர் ஊசியின் பலன் பெரும்பாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு. போடாக்ஸ் மூன்று நான்கு மாதம். பிறகு மீண்டும் ஊசி, மீண்டும் செலவு. ஃபில்லர் தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே பறிபோகக்கூடும். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. சிகிச்சை தரும் இடத்தின் தகுதியையும் பார்க்க வேண்டும். முடி நடும் சிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு நிலையத்துக்குப் போன மருத்துவ மாணவர் 2016-ல் உயிரிழந்தார்; அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் மட்டும்தான். ஊசி போடுபவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இன்னொரு தரப்புக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை, சிறுவயதில் விழுந்து தாடை மூட்டு இறுகிப்போய் வாய் திறக்க முடியாமல் வளரும் பிள்ளை, ஒருபக்கத் தாடை எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும் இளைஞர், இவர்களுக்குச் சாப்பிடுவதும் பேசுவதுமே சிக்கல். இதை அழகு ஆசை என்று ஒதுக்குவது கொடுமை. வளர்ந்தவர்களுக்குத் தாடையைச் சீராக்கும் அறுவை சிகிச்சை சாதாரண வேலை இல்லை. பல மாதங்கள் பல்லுக்குக் கம்பி கட்டி, பிறகு எலும்பை வெட்டி நகர்த்தி, டைட்டானியத் தகடு வைத்துத் திருகி நிறுத்துவார்கள். அத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டு. சிலருக்கு விஷயம் இன்னும் எளிது. சொத்தைப்பல் வலியால் வருடக்கணக்கில் ஒருபக்கமே மென்று அந்தப் பக்கத் தசை பருத்திருந்தால், அவர் போக வேண்டிய இடம் பல் டாக்டர்தான்.

நேற்றுவரை நேராக இருந்த வாய் இன்று திடீரென்று கோணினால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். அது சில வாரங்களில் தேறக்கூடிய முகவாதமாக இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். உடனே 108-ஐ அழையுங்கள்.