பதினொரு மாதப் பத்திரம் போதுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்த நாளிலிருந்தே அதைச் சுற்றியுள்ள தெருக்கள் வெளியூர்க்காரர்கள் கொடுக்கும் வாடகையில் வளர்ந்தவை. முன்பு தென்மாவட்டத்துக்காரர்கள் வந்தார்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். வேலை நிலைக்குமா என்று கவலைப்படும் அளவுக்கு அவர்கள் வீட்டைப் பற்றி யோசிப்பதில்லை. ஐந்து மாத, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து, ஆதார் நகலையும் நீட்டுகிறார்கள். பதிலுக்கு முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் கிடைத்தால் அதுவே பெரிது. ஒரு வருடத்துக்குக் குறைவான வாடகைக்குப் பதிவு தேவையில்லை என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழைய கணக்கு. 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவாகாத தாளுக்குச் சாட்சிய மதிப்பு இல்லை.

பதிவு கேட்டால் வீடே கிடைக்காது என்பார்கள். உண்மைதான், ஆள் தேடும் வீட்டை விட வீடு தேடும் ஆளே இந்தப் பகுதியில் அதிகம். ஆனால் ஒப்பந்தம் போடாமல் விட்டதையே காரணம் காட்டி வெளியேற்றக் கோரலாம் என்கிறது இந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஆக, கேட்கத் தயங்கிக் காப்பாற்றிக்கொண்ட வீடும் உறுதியானதல்ல. உரிமையாளரும் தயங்க வேண்டியதில்லை. குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க வருடக்கணக்கில் அலைய வைத்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. புதிய சட்டத்தில் உரிமையாளருக்கான வழிகளும் தெளிவாக உள்ளன. இதை எடுத்துச் சொல்லிக் கேட்டால் சிலராவது இசைவார்கள்.

பதிவு செய்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்னும் 11-ஆம் பிரிவே, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது என்றும் சேர்த்துச் சொல்கிறது. பத்து மாதத்துக்குச் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் அந்த வரம்பு உதவாது. மின்சாரத்திலும் அப்படித்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் மாட்டிய போர்ஷனிலோ பெரும்பாலும் முதல் யூனிட்டிலிருந்தே காசு. விகிதம் என்ன என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாடகையை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அல்லது வங்கி வழியாகக் கட்டுங்கள். கம்பெனி தன் ஊழியர்களுக்கு வேலையோடு சேர்த்துத் தரும் சொந்தக் குடியிருப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வேலை போனால் அறையும் போகலாம்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி யாரையும் விரட்ட முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து உடனடி உத்தரவு கேட்கலாம். எந்த அதிகாரி என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆவடி, பூந்தமல்லி தாலுகாக்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அம்பத்தூர் தாலுகா 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. மனு எழுதும் முன் வீடு எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.