'நிரந்தர வன காப்பகம்' என்றால் மரம் வெட்டக் கூடாதா? புலிக்கும் பாலாக் லோரிக்கும் நடுவே சட்டம் எங்கே நிற்கிறது?

கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் நீங்கள் ஒரு முறையாவது பயணம் செய்திருக்கலாம். இரு பக்கமும் அடர்ந்த காடு. யானை நடமாட்டம் பற்றிய எச்சரிக்கைப் பலகைகள். 'ஹுத்தான் சிம்பான் கெக்கால்', அதாவது நிரந்தர வன காப்பகம் என்ற அறிவிப்பு. அந்த வட்டாரத்தில் பெரிய மரத்துண்டுகளை ஏற்றிக்கொண்டு எதிரே ஒரு பாலாக் லோரி வருவதையும் பார்த்திருப்பீர்கள்.

"காப்பகம்னு போர்டு போட்டுட்டு, மரத்தையும் வெட்டுறாங்களே?" என்று காரில் யாராவது கேட்டிருப்பார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் அந்த லோரி சட்டவிரோதமாகத்தான் ஓடுகிறது என்று உடனே முடிவு செய்துவிட முடியாது. காப்பகம் என்ற சொல்லை நாம் புரிந்துகொள்வது ஒரு மாதிரி. சட்டம் புரிந்துகொள்வது வேறு மாதிரி. இந்த வேறுபாட்டில்தான் அரிய உயிரினங்களின் எதிர்காலம் இருக்கிறது. 2016 முதல் 2020 வரை நடந்த முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. 1950களில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது.

காப்பகம் என்றால் என்ன?

தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய 48 லட்சம் ஹெக்டர் நிலம் நிரந்தர வன காப்பகமாக இருக்கிறது. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் இந்தக் காப்பகங்களைப் பயன்பாட்டுக்கு ஏற்பப் பல வகையாகப் பிரிக்கிறது. நீர்ப்பிடிப்புக் காடு, மண் பாதுகாப்புக் காடு, வனவிலங்குச் சரணாலயக் காடு, ஆராய்ச்சிக் காடு என்று பட்டியல் நீள்கிறது. அதில் ஒரு வகை, வெட்டுமர உற்பத்திக் காடு.

அதாவது, 'நிரந்தரம்' என்பது அந்த நிலம் காடாகவே இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. மரமே வெட்டக் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. உற்பத்திக் காடு என்று வகைப்படுத்தப்பட்ட இடத்தில், உரிமம் பெற்று, விதிப்படி வெட்டலாம்.

நெடுஞ்சாலைக்கு வடக்கே இருக்கும் ராயல் பெலும் பகுதி, 2007இல் பேராக் மாநிலப் பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. 117,500 ஹெக்டர் பரப்பளவு கொண்ட அங்கே மரம் வெட்ட அனுமதி இல்லை. தெற்கே இருக்கும் தெமெங்கோர் வன காப்பகத்தில் வெட்டுமரத் தொழில் நடக்கிறது. சாலையைக் கடக்கும் யானைக்கோ புலிக்கோ இந்த எல்லைக்கோடு தெரியாது. மலேசியாவில் உள்ள 10 வகை இருவாச்சிப் பறவைகளும் இந்த இரு காடுகளும் சேர்ந்த வட்டாரத்தில் இருக்கின்றன.

யார் கையில் அதிகாரம்?

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி, நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. எந்தக் காட்டை வெட்டலாம், எதைப் பாதுகாக்கலாம் என்று முடிவு செய்வது மாநில அரசாங்கம். வெட்டுமரத்தின் ரோயல்டியும் மாநில அரசாங்கத்துக்குத்தான்.

வனவிலங்குப் பாதுகாப்பு அப்படியல்ல. அது மத்தியும் மாநிலமும் சேர்ந்து பொறுப்பேற்கும் பொதுப் பட்டியலில் உள்ளது. தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மத்திய அரசாங்கத்தின் பெர்ஹிலித்தான் துறை அமல்படுத்துகிறது. 2022இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரையிலும், சிறைத்தண்டனை 15 ஆண்டுகள் வரையிலும் உயர்த்தப்பட்டது.

ஆக, புலியைக் கொன்றால் கடுமையான தண்டனை. ஆனால் புலி நடமாடும் காட்டை என்ன செய்வது என்பது வேறொரு சட்டம், வேறொரு துறை, வேறொரு அரசாங்கத்தின் முடிவு. அரிய மரங்களின் நிலை இன்னும் சிக்கல். வனவிலங்குச் சட்டம் விலங்குகளுக்கானது. தாவரங்கள் அதில் அடங்காது.

வெட்டுவதற்கு என்ன விதி?

"கண்ணுல பட்டதையெல்லாம் வெட்டுறாங்க" என்று நினைப்பவர்கள் பலர். உற்பத்திக் காட்டில் விதிப்படி நடக்கும் வெட்டு அப்படி இல்லை. 1978 முதல் தீபகற்பத்தில் 'தேர்ந்தெடுத்து வெட்டும் முறை' நடைமுறையில் இருக்கிறது.

முதலில், வெட்டுவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே காட்டில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தப்படும். அதை வைத்து, எவ்வளவு பருமனான மரங்களை வெட்டலாம் என்ற வரம்பு நிர்ணயிக்கப்படும். மெராந்தி, கெருயிங் போன்ற குடும்பத்து மரங்களுக்கு அந்த வரம்பு 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையக் கூடாது. மற்ற மரங்களுக்கு 45 சென்டிமீட்டர். மிக மெதுவாக வளரும் செங்கால் மரத்துக்கு 60 சென்டிமீட்டர்.

வெட்ட வேண்டிய மரங்களில் எண் பொறித்த அடையாளத் தகடு அடிக்கப்படும். விதை தரும் தாய் மரங்கள் தனியே குறிக்கப்பட்டு விட்டுவைக்கப்படும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உள்ள காட்டிலும் மிகச் செங்குத்தான சரிவுகளிலும் வெட்டக் கூடாது. ஆற்றோரத்தில் ஒதுக்கு நிலம் விட வேண்டும். வெட்டி முடித்த பிறகு மீண்டும் ஒரு கணக்கெடுப்பு. அதே இடத்தில் மறுபடி வெட்ட ஏறக்குறைய 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இந்த விதிகளில் பெரும்பாலானவை மரத்தை அளக்கின்றன: விட்டம், எண்ணிக்கை, ஆண்டு. அடுத்த முறை வெட்டுவதற்கு மரம் மிஞ்சியிருக்கிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. விலங்கு மிஞ்சியிருக்கிறதா என்பது அதே அளவுகோலில் வராது.

வெட்டிய காட்டில் புலி வாழுமா?

வாழும். பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

கிளந்தான் மாநிலத்தின் குனோங் பாசோர் வன காப்பகம், தேர்ந்தெடுத்து வெட்டப்பட்ட ஒரு காடு. அங்கே தானியங்கிக் கேமராக்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2.6 வளர்ந்த புலிகள் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு. வெட்டுமரக் காடுகளைப் 'பயனற்றவை' என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு அது முக்கியமான சான்றாக அமைந்தது.

காரணம் புரியாத ஒன்றல்ல. பெரிய மரங்கள் சில போன இடத்தில் வெளிச்சம் விழுகிறது. புல்லும் இளந்தழையும் முளைக்கின்றன. ருசா எனப்படும் கடமானும் காட்டெருதான செலாடாங்கும் அதை மேய வருகின்றன. இரை இருக்கும் இடத்துக்குப் புலியும் வரும்.

இது எல்லா உயிருக்கும் பொருந்தாது. இருவாச்சிக்குக் கூடு கட்டப் பருத்த, பொந்துள்ள பழைய மரம் வேண்டும். பருத்த மரங்களைத்தான் வெட்டுமரத் தொழிலும் தேடுகிறது. ஒரே விதி ஒரு விலங்குக்குத் தாங்கக்கூடியதாகவும் இன்னொரு பறவைக்குப் பெரும் இழப்பாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

மூன்று இடங்களில்.

முதலாவது, பாதை. மரத்தை வெளியே கொண்டுவர மண்பாதை போட வேண்டும். வெட்டு முடிந்து லோரிகள் போய்விடும், பாதை இருக்கும். முன்பு பல நாள் நடந்து போக வேண்டிய இடத்துக்கு, மோட்டார்சைக்கிளில் சில மணி நேரத்தில் போய்விடலாம். கம்பிக் கண்ணி வைக்கும் வேட்டைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? கண்ணி புலியை மட்டும் பிடிப்பதில்லை. அது உண்ணும் மானையும் பிடித்துவிடுகிறது. 2009க்குப் பிறகான சுமார் பத்து ஆண்டுகளில் பெலும்-தெமெங்கோர் வட்டாரத்தில் புலிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கண்ணி வேட்டை அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

இதைத் தடுக்க முடியும் என்பதற்கும் அதே காடு சாட்சி. ஜஹாய், தெமியார் பூர்வகுடியினர் இடம்பெற்ற ரோந்துக் குழுக்கள் அங்கே களமிறங்கிய பிறகு, செயலில் இருந்த கண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. காட்டை நன்கு அறிந்தவர்களையே காவலுக்கு வைத்ததன் பலன் அது.

இரண்டாவது, வெட்டிய பிறகு என்ன நடப்படுகிறது என்பது. 'லாடாங் ஹுத்தான்' எனப்படும் மரத்தோட்டத் திட்டத்தில், காப்பகத்தின் ஒரு பகுதி முழுமையாக அழிக்கப்பட்டு ஒரே வகை மரம் வரிசையாக நடப்படுகிறது. கிளந்தானில் பெரும்பாலும் வெட்டுமரத்துக்கான ரப்பர். அரசிதழில் அந்த நிலம் இன்னமும் வன காப்பகம்தான். தோட்டத்தில் வளர்ந்த நம் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் நிரையில் நிழல் இருக்கும், காடு இருக்காது.

மூன்றாவது, அரசிதழ் நீக்கம். காப்பகத் தகுதி வேண்டியதில்லை, வேறு பயன்பாட்டில் பொருளாதாரப் பலன் அதிகம் என்று கருதினால், மாநில அரசாங்கம் அந்த நிலத்தைக் காப்பகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியும். தேர்ந்தெடுத்து வெட்டிய காடு மீண்டும் வளரும். அரசிதழ் நீக்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகவோ செம்பனைத் தோட்டமாகவோ மாறிய காடு திரும்பி வராது.

மாநிலங்களை மட்டும் குறை சொல்லலாமா?

அதுவும் சரியாகாது. வருமானம் ஈட்டும் வழிகள் மாநிலங்களுக்குக் குறைவு. நிலமும் காடும் கனிமமும்தான் அவற்றின் கையில் உள்ள முக்கிய வளங்கள். காடு நிறைய இருக்கும் மாநிலங்கள் பெரும்பாலும் பணக்கார மாநிலங்கள் அல்ல. "புலி நாட்டுக்கே சொந்தம், செலவு மட்டும் எங்களுக்கா?" என்று ஒரு மாநிலம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பதிலின் ஒரு பகுதிதான், காட்டைப் பாதுகாக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசாங்கம் வழங்கும் சுற்றுச்சூழல் நிதிப் பகிர்வு. 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட்டாக இருந்த அந்த ஒதுக்கீடு, 2024இல் 20 கோடி, 2025இல் 25 கோடி ரிங்கிட் என உயர்ந்தது. எல்லா மாநிலங்களுக்கும் பிரித்துப் பார்த்தால் பெரிய தொகையல்ல. ஆனாலும் நிற்கும் மரத்துக்கும் விலை உண்டு என்று முதன்முறையாக வரவு செலவுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

பகாங் இன்னொரு வழியைக் காட்டியது. தாமான் நெகாராவை ஒட்டி, ஏறக்குறைய 134,000 ஹெக்டர் வன காப்பக நிலம் 2023இல் அரச புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

புதிய சட்டத் திருத்தம் என்ன சொல்கிறது?

2022இல் தேசிய வனச் சட்டம் திருத்தப்பட்டது. காப்பகத்தை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும். நீக்கப்படும் நிலத்துக்கு ஈடாக வேறு நிலத்தைக் காப்பகமாக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். ஆனால் காடு மாநில அதிகாரத்தில் இருப்பதால், ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஏற்றுக்கொண்ட பிறகே அது அங்கே நடைமுறைக்கு வரும்.

பொது விசாரணையால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? சிலாங்கூரில் அந்த விதி முன்பே இருந்தது. கோல லங்காட் உத்தாரா வன காப்பகத்தின் ஒரு பகுதியை நீக்கும் திட்டத்துக்கு 2020இல் பல்லாயிரம் ஆட்சேபங்கள் குவிந்தன. அங்கே தெமுவான் பூர்வகுடியினரின் வாழ்வும் அடங்கியிருந்தது. 2021 மே மாதம் சுமார் 536 ஹெக்டர் நீக்கப்பட்டது. எதிர்ப்பு ஓயவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், அந்த நிலத்தை மீண்டும் காப்பகமாக்குவதாக மாநில அரசாங்கம் அறிவித்தது.

நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் மாநிலத்தில் வன காப்பகம் பற்றிய செய்தி வந்தால், "மரம் வெட்டுறாங்களா?" என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். இந்த மூன்றையும் கேளுங்கள். வெட்டி முடித்த பின் பாதையை யார் மூடுவார்கள், யார் காவல் காப்பார்கள்? அந்த இடத்தில் காடே மீண்டும் வளருமா, இல்லை வேறேதும் நடப்படுமா? காப்பகத் தகுதி நீடிக்குமா?

ஆட்சேபம் தெரிவிக்க அழைக்கும் அறிவிப்புகள் நாளிதழில் சிறிய எழுத்தில்தான் வரும். காலக்கெடுவும் குறுகியதாக இருக்கும். கண்ணில் பட்டால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். கோல லங்காட்டில் குவிந்த ஆட்சேபங்கள் பல்லாயிரம்.