ஊருக்குத் தெரிகிறது, பெண்ணுக்குத் தெரியவில்லை!

கரிசல் காட்டில் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால், அது ரகசியம் அல்ல. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை எந்தக் கிராமத்திலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாசலில் பந்தல், வாழை மரம், ஊரையே எழுப்பும் மைக்செட். தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு மேளதாளத்துடன் வருகிறார். பெண்ணின் படம் போட்ட தட்டி ரோட்டோரத்தில் நிற்கிறது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறார்கள்.

எல்லாம் சரி. "உன் உடம்பில் நடந்தது இதுதான்" என்று அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவர் யார்?

"கோயிலுக்குப் போகாதே! ஊறுகாயைத் தொடாதே! ஆம்பளைப் பிள்ளைகளோடு பேசாதே!" அவளுக்குக் கிடைக்கும் பாடம் இவ்வளவுதான். பையனுக்கோ அதுவும் இல்லை. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. அவனுடைய சந்தேகங்களைத் தீர்த்து வைக்கக் கண்மாய்க் கரையில் நாலு சேக்காளிகள் இருக்கிறார்கள். போதாததற்கு இப்போது செல்போன் வேறு!

வீட்டில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"இதெல்லாம் வீட்டில் சொல்ல வேண்டியது, பள்ளிக்கூடத்துக்கு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் அப்பா பிழைப்புத் தேடி வெளியூர் போகிறார். அம்மா கரிமூட்டத்துக்கோ, நூல் மில்லுக்கோ போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள். அவளுக்கும் அவள் அம்மா ஒன்றும் சொன்னதில்லை.

கிராமத்துப் பெண்களுக்குச் சர்க்கார் இலவசமாக நாப்கின் கொடுக்கிறது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக வந்த "புது யுகம்" திட்டம் அது. பொருள் கைக்கு வந்துவிட்டது. விளக்கம்தான் கூட வரவில்லை.

பாடம் இல்லாமலும் இல்லை. 8-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றி இருக்கிறது. 10-ம் வகுப்பில் இனப்பெருக்கமும் மாதவிடாயும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பக்கம் வந்ததும், "இதை வீட்டிலே படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போகிற உபாத்தியாயர்கள் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவரும் மனிதர். நாளைக் காலையில் டீக்கடையில் அந்தப் பிள்ளையின் அப்பாவைப் பார்த்தாக வேண்டும்!

கெட்டுப் போவார்களா?

2005-ல் மத்திய சர்க்கார் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007-ல் பெரும் கூச்சல் கிளம்பியது. மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் அதை நிறுத்தி வைத்தன. 2009-ல் ராஜ்யசபையின் மனுக்கள் கமிட்டியும் "பள்ளிகளில் இது வேண்டாம்" என்றது.

சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதே எதிர்ப்பாளர்களின் அச்சம். ஸ்வீடன் 1955-லேயே இதைக் கட்டாயப் பாடம் ஆக்கிவிட்டது. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த யுனெஸ்கோ, இந்தக் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே வழிதவறுவதில்லை என்று 2018-ல் தெரிவித்தது.

அதே 2018-ல் அருப்புக்கோட்டையின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. தனியார் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவர், மேல் பதவியில் உள்ளவர்களுக்கு இணங்கிப் போனால் மார்க்கும் பணமும் கிடைக்கும் என்று 4 மாணவிகளிடம் போனில் ஆசை காட்டினார் என்பது வழக்கு. மாணவிகள் மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்கவில்லை, கல்லூரியில் புகாரும் கொடுத்தார்கள். 2024 ஏப்ரல் 30-ந் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் கோர்ட்டு அவருக்கு 10 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட 2 பேர் விடுதலையானார்கள்.

அவர்கள் கல்லூரி மாணவிகள். மறைமுகப் பேச்சின் அர்த்தம் புரிந்தது; யாரிடம் சொல்வது என்றும் தெரிந்தது. 11 வயதுச் சிறுமியிடம் பக்கத்து வீட்டு மாமா வாலாட்டினால், அதைச் சொல்ல அவளிடம் வார்த்தை இருக்கிறதா? உடம்பின் பாகங்களுக்குப் பெயர் சொல்வதே கெட்ட பேச்சு என்று வளர்ந்த பிள்ளை எப்படிப் புகார் கொடுக்கும்?

பையன்களும் மாட்டுகிறார்கள்

2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்டவரின் சம்மதம் சம்மதமே அல்ல. காதல் என்று நினைத்து 16 வயதுப் பெண்ணோடு ஊரைவிட்டு ஓடும் 19 வயதுப் பையன், போலீஸ் வந்த பிறகுதான் சட்டத்தையே கேள்விப்படுகிறான். இப்படி ஒரு வழக்கை 2021 ஜனவரியில் ரத்து செய்த சென்னை ஐகோர்ட்டு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், விடலைக் காதலர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்றார். ஆனால் எல்லாப் பையன்களும் ஐகோர்ட்டு வரை போக முடியுமா?

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2024 செப்டம்பர் 23-ந் தேதி தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, முழுமையான பாலியல் கல்வி தேவை என்று வலியுறுத்தியது. மேல்நாட்டுச் சரக்கு என்று இதை ஒதுக்குவது தவறான எண்ணம் என்றும் கூறியது.

நடத்தும் முறைதான் முக்கியம். 8-ம் வகுப்பு வரை காத்திருந்தால் பல பெண்களுக்குச் சடங்கே முடிந்துவிடுகிறது! 6-ம் வகுப்பிலேயே ஆரம்பிக்க வேண்டும். எதிர் நோட்டீஸ் கிளம்புவதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டிவிடுவது நல்லது. பையன்களை விளையாட அனுப்பிவிட்டுப் பெண்களுக்கு மட்டும் நடத்துகிற வழக்கம் போக வேண்டும்.

கூச்சத்துக்கும் ஒரு சுலபமான வழி உண்டு. வகுப்பு மூலையில் ஓர் அட்டைப் பெட்டி. பெயர் எழுதாமல் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் டீச்சர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாகப் படித்துப் பதில் சொல்வார். யார் கேட்டது என்று டீச்சருக்கும் தெரியாது.