காராமணி முளைத்த குப்பை

2025 ஜனவரி முதல் வாரத்தில் எட்டுக் காராமணி விதைகள் நான்கே நாளில் முளைவிட்டன. நம் வீட்டு ஈரத்துணியில் அதற்கு அவ்வளவு நாள்கூட ஆகாது. ஆனால் இவை முளைத்தது 350 கி.மீ. உயரத்தில், வேலை முடிந்துபோன ஒரு ராக்கெட் துண்டின் மேல்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு நான்கு அடுக்குகள். முதல் மூன்றும் வழியிலேயே கழன்று விழுந்துவிடும். நான்காவது, செயற்கைக்கோளை இறக்கிவிட்டுத் தானும் அதே பாதையில் சுற்றத் தொடங்கிவிடும். பிள்ளையைப் பள்ளியில் விடப்போன ஆட்டோ அங்கேயே நின்றுவிட்ட மாதிரி. 2001 அக்டோபரில் சி3 ஏவலில் அப்படித் தங்கிய அடுக்கு, டிசம்பரில் வெடித்து 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. காலி அடுக்கில் மிச்சமிருக்கும் எரிபொருளைத் திறந்துவிட்டு வெறுமையாக்கும் பழக்கம் அதன்பின் இஸ்ரோவில் நிலைபெற்றது.

அடுத்த யோசனைதான் அழகு. நிற்கப்போகிற ஆட்டோவை ஏன் சும்மா நிறுத்த வேண்டும்? 2019 ஜனவரியில் சென்னை மாணவர்களின் 1.26 கிலோ கலாம்சாட், அடுக்கைவிட்டுப் பிரியாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றியது. 2022 ஜூனில் வந்தது ‘போயம்’. எரிபொருள் தொட்டியைச் சுற்றிச் சூரியத் தகடுகள், ஒரு மின்கலம், உருண்டு புரளாமல் நிலைநிறுத்த ஹீலியம் வாயுவைப் பீச்சும் சிறு உந்திகள். அவ்வளவுதான், குப்பை ஆய்வுக்கூடமாகிவிட்டது. 2024 டிசம்பரில் ஏறிய நான்காவது போயத்தில் 24 கருவிகள். காராமணி அவற்றில் ஒன்று. மிதக்கும் குப்பையைப் பிடித்துப் பழக ஒரு ரோபோ கையும் இருந்தது.

காயலான் கடைக்காரர் தராசில் உலோகத்தை நிறுப்பார். விண்குப்பையில் நிறுக்க வேண்டியது வேகத்தை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு பொருள் வினாடிக்குச் சுமார் 7.6 கி.மீ. ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 30 மெகாஜூல் ஆற்றல். அதே எடையுள்ள டி.என்.டி. வெடிமருந்தில் இருப்பதைப்போல் ஏழு மடங்கு. தரையிலிருந்து அந்த வேகத்தை வாங்கத்தான் மலைபோல் எரிபொருளை எரிக்கிறோம். வாங்கியாகிவிட்ட வேகம் பல ஆயிரம் டன் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பொறுக்கிச் சேர்த்து உருக்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தடையாக நிற்பது சாய்வு. இரண்டு துண்டுகள் ஒரே உயரத்தில் சுற்றினாலும் அவற்றின் பாதைகள் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். பாதையின் தளத்தை 60 பாகை திருப்ப வேண்டுமானால், சுற்றும் வேகம் எவ்வளவோ அவ்வளவையும் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். கிட்டத்தட்ட தரையிலிருந்து இன்னொரு முறை ஏவுகிற செலவு. தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் வாங்குகிற வியாபாரம் அங்கே நடக்காது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, செத்துப்போன செயற்கைக்கோளும் பதிவுசெய்த நாட்டின் ஆளுகையில்தான் இருக்கும்; அதன் உடைமையாளரும் மாறுவதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. 2024இல் ஒரு ஜப்பானிய விண்கலம், 2009 முதல் சுற்றிவந்த ஒரு ராக்கெட் அடுக்கை 15 மீட்டர் வரை நெருங்கிப் படமெடுத்தது. அந்த அடுக்கும் ஜப்பானுடையதே.

உருக்கும் கதை இன்னும் சிறியது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2014 முதல் ஓர் உலை இருக்கிறது. பாத்திரமே இல்லாமல், மின்காந்தப் புலத்தில் உலோகத்தை அந்தரத்தில் நிறுத்தி உருக்குகிறது. உருகுவது சில மில்லிமீட்டர் உருண்டை, மிளகைவிடச் சற்றுப் பெரிது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு நிறுவனம் வேறு வழியில் யோசிக்கிறது. உலோகக் கோலை மின்வில்லால் ஆவியாக்கிப் பின்னால் உமிழ்ந்து நகரும் உந்தி அவர்களுடையது. விண்குப்பையின் அலுமினியத்தைக் கோலாக வார்த்தால் குப்பையே எரிபொருள். கோல் வார்க்கும் பட்டறை மட்டும் மேலே இன்னும் இல்லை.

ஆகவே இன்றைக்கு நடப்பது, குப்பையாகும் முன்பே வேலை கொடுத்துவிடுகிற போயம் வழிதான். காராமணி முளைத்த அந்த அடுக்கு, பூமியை ஆயிரம் முறைக்கு மேல் சுற்றிவந்தது. 2025 ஏப்ரல் 4 அன்று காற்றுமண்டலத்துக்குள் இறங்கி, ஸ்ரீஹரிகோட்டாவில் வாங்கிய வேகத்தையெல்லாம் வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிட்டு, இந்தியப் பெருங்கடலில் விழுந்தது.