கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

"தண்ணியக் கொதிக்க வச்சா எல்லா விஷமும் போயிடும்தானே, டீச்சர்?" பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாணவர் கேட்டார். கிருமி சாகும், ஆர்செனிக் சாகாது. நீர் ஆவியாக ஆக, அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்போ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் உருவாக்கிய 'அம்ரித்' வடிகட்டியில், இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுக்குள் இரும்புச் சேர்ம நானோ துகள்கள் பதிந்துள்ளன. துகள் சிறுக்கச் சிறுக்க மொத்தப் பரப்பு பெருகும். அந்தப் பரப்பில்தான் ஆர்செனிக் ஒட்டிக்கொள்கிறது. தேர்வில் இதைப் 'பரப்புக் கவர்தல்' என எழுதுங்கள், 'உறிஞ்சுதல்' வேறு.

பரப்பு நிறைந்துவிட்டால்? நீரின் நிறமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. எத்தனை லிட்டருக்குப் பிறகு வடிகட்டியை மாத்தணும் என்பதை, ஆர்செனிக் அளவு, அமிலத்தன்மை, நீரோட்ட வேகம் ஆகியவற்றை வைத்துக் கணினி மாதிரிகள் முன்கூட்டியே கணிக்கின்றன.